டிக்டேஷன்ல பத்துக்குப் பத்து, மூணு நாள்ல மறதி: மூணாங்கிளாஸ் பையனுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுக்க?

பாளைக்காரி:

பையன் மூணாங்கிளாஸ், இங்கிலீஷ் மீடியம். வெள்ளிக்கிழமைதோறும் பத்து வார்த்தை டிக்டேஷன். வியாழக்கிழமை ராத்திரி "சி-ஏ-கே-ஈ கேக், சி-ஏ-கே-ஈ கேக்"னு ராகம் போட்டுப் படிக்கான், மறுநாள் பத்துக்குப் பத்து வாங்குதான். திங்கக்கிழமை அதே வார்த்தையை ஒரு வாக்கியத்துக்குள்ள எழுதச் சொன்னா கோட்டை விட்டுருதான்.

அவன் நோட்டுல இருந்து அப்படியே எடுத்துப் போடுதேன். ஸ்கூலுக்கு முன்னாடி ஒரு ஐ. மில்க் கடைசியில ஒரு யு. கேக்ல ஈ கிடையாது. வாத்துக்கு டி-யு-கே, நடுவுல சி-யைக் காணோம். ரன்னிங்ல ஒரே ஒரு என். லிட்டில்ல ரெண்டு டி சரியாப் போட்டுட்டு ஐ-எல்னு முடிக்கான். ஜம்ப்ட் கடைசியில ஈ இல்லாம வெறும் டி. "சொன்னான்"ங்கிற செட்டுக்கு எஸ்-ஈ-டி. தோள்ல மாட்டுத பேக்குக்கு பி-ஈ-கே.

இதுவரைக்கும் தப்பான வார்த்தையைப் பத்து தடவை எழுத வைக்கேன். புத்தகத்துல ஒவ்வொரு வார்த்தைக்கு மேலயும் பென்சிலால தமிழ்ல உச்சரிப்பு எழுதிக் கொடுக்கேன். போனிக்ஸ் கிளாஸ்ல (எழுத்துக்கு ஒலி சொல்லிக்கொடுக்குத கிளாஸ்) சேர்த்தா சரியாகும்னு சொல்லுதாவ. வீட்டிலேயே முடியுமா? வேலை முடிஞ்சு வந்து கால் மணி நேரம், மிஞ்சிப்போனா இருபது நிமிஷம் உட்கார முடியும்.

வள்ளியூர் டீச்சர்:

முதல் வேலையாக அந்தப் பென்சில் எழுத்தை அழியுங்கள் தங்கச்சி. தோளில் மாட்டும் பை, பின்பக்கம், அடுப்பில் கேக் சுடுவது, மூட்டை கட்டுவது: ஆங்கிலத்தில் நான்கும் வேறு வேறு ஒலி, வேறு வேறு ஸ்பெல்லிங். தமிழில் எழுதினால் நான்கும் "பேக்"தான். பூனையும் கேட், வாசலில் நிற்பதும் கேட். பையன் அந்தத் தமிழைப் பார்த்து வாசிக்கிறானே ஒழிய கீழே இருக்கிற ஆங்கில எழுத்தை அவன் கண் தொடுவதே இல்லை.

பத்து தடவை எழுதுவதும் அப்படித்தான். ஒரு நாள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதல் எழுத்தை மேலிருந்து கீழே பத்து வரியிலும் போடுவான், அப்புறம் இரண்டாவது எழுத்தைப் பத்து வரியிலும். பக்கம் நிறைந்துவிடும், வார்த்தையை முழுசாக ஒரு தடவைகூட எழுதியிருக்க மாட்டான்.

நீங்கள் போட்ட பட்டியல் நல்ல பட்டியல். அதை மூன்றாகப் பிரிக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று, வாயில் பிறக்கும் பிழை. ஸ்கூலுக்கு முன் ஐ, மில்க்குக்குப் பின் யு, பேக்கில் கடைசி எழுத்து. தமிழ்ச் சொல் எதுவும் இரண்டு மெய்யோடு தொடங்காது, வல்லின மெய்யில் முடியவும் முடியாது. அதனால் நம் நாக்கு முன்னால் ஒரு இகரமும் பின்னால் ஒரு உகரமும் சேர்த்து "இஸ்கூலு", "மில்க்கு" என்கிறது. பையன் சொல்வதைத்தான் எழுதுகிறான். ஆகவே திருத்த வேண்டியது நோட்டை அல்ல. "ஸ்ஸ்ஸ்..." என்று காற்றை இழுத்துக்கொண்டே போய் "கூல்" சேர்க்கச் சொல்லுங்கள். மில்க்கில் கடைசி க் வந்ததும் வாய் அப்படியே நிற்க வேண்டும், குரல் வரக்கூடாது. வாயில் சரியாக வந்த பிறகு எழுதினால் அந்த யு தானாக உதிர்ந்துவிடும்.

இதே வகைதான் வல்லொலி, மெல்லொலி குழப்பமும். தமிழில் ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஆனால் இரண்டு ஒலியும் அவன் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. "பிள்ளை"யில் வருவது பென்னுக்கான பி. "தம்பி"யில் வருவது பஸ்ஸுக்கான பி. "பெட்டி"யில் டென்னுக்கான டி, "வண்டி"யில் டாக்குக்கான டி. "கை"யில் கே, "தங்கை"யில் கோட் என்ற ஆட்டுக்கான ஜி. சந்தேகம் வரும்போது தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பி வகை என்றால் விரலில் அதிர்வு தெரியும், பிள்ளை வகையில் தெரியாது. தோளில் மாட்டும் பேக்கின் கடைசி ஒலி தங்கை ஒலி, ஆகவே ஜி. முதுகுக்கு அது கை ஒலி.

இரண்டு, அமைப்புத் தெரியாததால் வரும் பிழை. கேக், டக், ரன்னிங், லிட்டில், ஜம்ப்ட் ஐந்தும் இந்த வகை. இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். ஒரு அமைப்பைப் பிடித்தால் ஐம்பது வார்த்தை கூடவே வரும்.

மூன்றாவது அடம்பிடிக்கும் வார்த்தைகள். செட் என்று காதில் விழுவதற்கு எஸ்-ஈ-டி எழுதியது அறிவுள்ள பிழை, திட்டாதீர்கள். அந்த வார்த்தையில் நடுவில் இருக்கிற ஏ-ஐ மட்டும்தான் விநோதம், எஸ்-உம் டி-யும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. விநோதமான பகுதிக்கு மட்டும் வட்டம் போடுங்கள். வாரத்துக்கு இரண்டு அடம் போதும்.

போனிக்ஸ் கிளாஸ் பற்றி: சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பைக் காதால் கேளுங்கள். "கஹ், அஹ், டஹ்" என்று ஒவ்வொரு மெய்யின் வாலிலும் ஒரு அகரத்தைத் தொங்கவிட்டுச் சொல்லிக்கொடுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். க், ட், ப் என்று புள்ளி வைத்த மெய்யைத் தனியாகச் சொல்ல நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அதைக் கெடுக்கக் காசு கொடுக்க வேண்டாம்.

பேட்டைக்காரன்:

டீச்சர் சொன்னதுல அந்த ரெண்டாவது வகையைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுதேன். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்கு நூறு விதி மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. தொடக்கப் பள்ளி வரைக்கும் பெரும்பாலான பூட்டுக்கு ஒரே சாவிதான்: முன்னால இருக்கிற உயிர் குறிலா, நெடிலா? இதை இங்கிலீஷ்காரப் பிள்ளைகளுக்குப் புதுசாச் சொல்லிக்கொடுக்கணும். நம்ம பிள்ளைகளுக்குக் குறில் நெடில் ஒண்ணாங்கிளாஸ் பாடம்.

ரன்னிங்கை எடுத்துக்கோங்க. கல்+ஐ கல்லை. கால்+ஐ காலை, காலிலே ரெண்டு ல் வராது. பல்லை, பாலை; கண்ணை, தூணை. தனிக்குறிலுக்கு அப்புறம் ஒற்று இரட்டிக்கும், நெடிலுக்கு அப்புறம் இரட்டிக்காது. ரன்+இங் ரன்னிங், என் ரெண்டு. ரெயின்+இங் ரெயினிங், என் ஒண்ணு. ஸ்விம்மிங்ல எம் ரெண்டு. இலக்கணம் படிக்காமலேயே உங்க பையன் "கல்லை"னு சரியாத்தானே சொல்லுதான்? அதே காதை இங்கே திருப்பிவிட வேண்டியதுதான்.

ஆனா இந்தக் காது ரெண்டு இடத்துல ஏமாத்தும், அதை முதல்லயே தெரிஞ்சுக்கணும்.

என், எம் வரும்போது காது சொல்லுதது சரி. க், ட், ப் வரும்போது நாம எல்லாத்தையுமே அழுத்திச் சொல்லுதோம். எழுதுவது "ரைட்டிங்", செய்வது "மேக்கிங்". காதுக்கு ரெட்டை, ஸ்பெல்லிங்ல ஒத்தை. அங்க ஒற்றைக் கேட்காதீங்க, அதுக்கு முன்னால இருக்கிற உயிரைக் கேளுங்க. ரைட்டிங்ல ஐ, நெடில், அதனால ஒரே டி. கட்டிங்ல குறில், ரெண்டு டி.

அடுத்த ஏமாத்து இதைவிடப் பெரிசு. இங்கிலீஷ்ல ஏ-க்கும் ஓ-வுக்கும் உள்ள குறில் ஒலி தமிழ்ல கிடையாது. அதனால பூனையை நெடில் போட்டுக் "கேட்"னு எழுதுதோம், கடைக்குப் போறதை "ஷாப்பிங்"னு எழுதுதோம், ஆப்பிளுக்கு ஆவன்னாவே போடுதோம். பையன் காதுக்கு மூணும் நெடில். இங்கிலீஷ்ல மூணும் குறில். இதுக்கு ஒரே சோதனை: எழுத்து தன் பெயரைத் தானே சொல்லுதா? கேக்ல ஏ தன் பெயரை "ஏ"ன்னு சொல்லுது, நெடில். கைட் என்ற பட்டத்துல ஐ தன் பெயரைச் சொல்லுது. ஹோப்ல ஓ, க்யூப்ல யு. பூனையில ஏ தன் பெயரைச் சொல்லலை, தாடை கீழே இறங்கி ஏ-க்கும் ஆ-வுக்கும் நடுவுல ஒரு சத்தம் வருது, அது குறில். பெட், பின், ஹாட், கப், கேட் (பூனை): இந்த அஞ்சையும் குறில் அடையாளமா ஒரு அட்டையில படம் வரைஞ்சு சுவத்துல ஒட்டிருங்க. சந்தேகம் வரும்போதெல்லாம் கையை அங்க காட்டணும்.

இது பிடிபட்டுருச்சுன்னா மிச்சம் எல்லாம் சுலபம். வாத்துக்கு ஏன் சி-கே? குறிலை ஒட்டி, ஓரசை வார்த்தை கடைசியில வர்ற க் சத்தத்துக்கு சி-கே. மில்க்ல உயிருக்கும் கே-க்கும் நடுவுல எல் வந்துட்டுது, அதனால வெறும் கே. புக், வீக் ரெண்டுலயும் உயிரெழுத்து ரெண்டு இருக்கு, வெறும் கே. கேக், பைக் நெடில், கே போட்டுக் கடைசியில ஈ. பெல், மிஸ், ஆஃப் இதுகள்ல கடைசி எழுத்து ரெட்டை. அதுவும் குறில்தான் காரணம். பஸ், கேஸ், எஸ், இஃப் மாதிரி சிலது விதிவிலக்கு. கேட்ச்ல சி-எச்சுக்கு முன்னால ஒரு டென் டி ஏன் வருது, பிரிட்ஜ்ல ஜி-க்கு முன்னால டாக் டி ஏன் வருதுன்னா அதுக்கும் குறில்தான் பதில். (மச், சச், ரிச், விச் நாலும் அந்த டி-யைக் கேட்காத குடும்பம்.)

இரட்டிக்கும் விதிக்குக் கடைசியா ஒரு வேலி: ஓரசை, ஒத்தை உயிரெழுத்து, கடைசியில ஒத்தை மெய். மூணும் இருந்தாத்தான் ரெட்டை. லுக்கிங் காதுக்குக் குறில், ஆனா ஓ ரெண்டு இருக்கு, இரட்டிக்காது. ஜம்பிங்ல கடைசியில மெய் ரெண்டு, இரட்டிக்காது. டபிள்யூ, எக்ஸ், ஒய் எப்பவுமே இரட்டிக்காது: ஸ்னோயிங், ஃபிக்ஸிங், பிளேயிங்.

கடைசி ஈ-யைப் பத்தி ஒண்ணு. கடைசியில வர்ற ஈ முன்னால இருக்கிற உயிரை நெடிலாக்கும், அது "மேஜிக் ஈ"ன்னு சொல்லிக்கொடுத்த மறுநாளே ஹேவ், கிவ், லவ் வந்து நிக்கும், பிள்ளை "ஏன் நெடில் இல்லை"ன்னு கேட்கும். இங்கிலீஷ்ல சொந்தச் சொல் எதுவும் வி-யில முடியாது, அதனால ஒரு ஈ-யை முட்டுக்கொடுத்து வச்சிருக்காவ. வி-க்கு அப்புறம் வர்ற ஈ-யை நம்பி நெடில்னு முடிவு கட்டக்கூடாது.

பாளைக்காரி:

கல்லை, காலை அவனுக்கு உடனே புரிஞ்சுட்டுது! ரெண்டு பேருக்கும் நன்றி. இதை ஒரு வாரத்துக்குள்ள எப்படிப் பிரிச்சு நடத்தணும்னு சொல்லுங்க. லிட்டில், ஜம்ப்ட் ரெண்டும் பாக்கி இருக்கு.

வள்ளியூர் டீச்சர்:

ஒரு வாரத்துக்கு ஒரே அமைப்பு. சி-கே வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பன்னிரண்டு துண்டாக வெட்டுங்கள். ஆறில் சி-கே வார்த்தைகள்: டக், சாக், நெக், கிக், லாக், முதுகு என்ற பொருளில் பேக். ஆறில் வெறும் கே: மில்க், டெஸ்க், பார்க், புக், வீக், லுக். திங்கட்கிழமை விதியைச் சொல்லவே சொல்லாதீர்கள். கலைத்துக் கொடுத்து, கடைசியைப் பார்த்து இரண்டு கும்பலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அப்புறம், "இந்தக் கும்பலில் கே-க்கு முன்னால் சி எதுக்கு வந்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவனாகக் கண்டுபிடித்தால் மறக்காது. பிடிபடவில்லை என்றால் உயிரெழுத்தின் கீழ் கோடு போடச் சொல்லிவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஒலிக் கட்டம். சிலேட்டில் மூன்று கட்டம் போட்டு, பக்கத்தில் கொஞ்சம் புளியமுத்து. "டக்" என்று நீட்டிச் சொல்லும்போது ஒலி ஒன்றுக்கு ஒரு முத்தைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். மூன்று ஒலி, மூன்று முத்து. பிறகு முத்தை எடுத்துவிட்டு எழுத்தை எழுத வேண்டும். இங்கே எழுத்து நான்கு. சி-யும் கே-யும் ஒரே கட்டத்துக்குள் போகும். "மில்க்"குக்கு நான்கு கட்டம். "மில்க்கு" என்று உகரம் சேர்த்தால் ஐந்தாவது முத்தைக் கையில் வைத்துக்கொண்டு வைக்க இடமில்லாமல் முழிப்பான். அந்த யு எங்கிருந்து வருகிறது என்று அவன் கண்ணாலேயே பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ரஷ்யாவில் எல்கோனின் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை இது.

புதன்கிழமை பார், சொல், மூடு, எழுது, சரிபார். வார்த்தையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லி, அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுத வேண்டும். தப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு: பிள்ளைகள் ஒரு எழுத்து எழுதுவார்கள், ஓரக்கண்ணால் அட்டையைப் பார்ப்பார்கள், அடுத்த எழுத்தை எழுதுவார்கள். அது காப்பி, ஞாபகம் அல்ல. அட்டை கவிழ்ந்த பிறகு முழு வார்த்தையும் எழுதித்தான் நிமிர வேண்டும். தவறினால் ரப்பர் கிடையாது. தவறான எழுத்தின் மேல் மட்டும் ஒரு கோடு, அதன் மேலே சரியான எழுத்து. அழித்துவிட்டால் எங்கே தடுக்கிற்று என்பது அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

வியாழக்கிழமை தனி வார்த்தை வேண்டாம், இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். ஒன்றில் இந்த வார அமைப்பு, இன்னொன்றில் இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய அமைப்பு. டிக்டேஷனில் பத்து எடுத்துவிட்டு வாக்கியத்தில் கோட்டை விடுவதற்குக் காரணம் வாக்கியத்தில் எழுதிப் பழக்கமில்லாததுதான். சனிக்கிழமை பழைய அட்டைகளை எல்லாம் கலந்து ஐந்து நிமிஷம். வெள்ளிக்கிழமை பள்ளியில் டிக்டேஷன் இருக்கிறது, வீட்டில் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒலிக்குப் போட்டிபோடும் இரண்டு ஸ்பெல்லிங்கை ஒரே வாரத்தில் எடுக்கக்கூடாது. ஈ-ஈ ஒரு வாரம், ஈ-ஏ இன்னொரு வாரம், நடுவில் வேறு ஏதாவது. ஈ-ஆர், ஐ-ஆர், யு-ஆர் மூன்றும் நம் காதுக்கு ஒன்றுதான், ஒலியை வைத்துப் பிரிக்க வழியே இல்லை. அவற்றைக் குடும்பமாகத்தான் பிடிக்க வேண்டும். ஐ-ஆர் குடும்பத்துக்கு ஒரே படம் வரையச் சொல்லுங்கள்: ஸ்கர்ட் போட்ட கேர்ள், தோளில் பேர்ட், பக்கத்தில் கொடியில் ஷர்ட். ஏ-ஐ, ஏ-ஒய் மட்டும் சேர்த்தே எடுக்கலாம், ஏனென்றால் இடம் வேறு. ரெயினில் நடுவே ஏ-ஐ, டே-யில் கடைசியில் ஏ-ஒய். ஓ-ஐ, ஓ-ஒய் அதே மாதிரி.

லிட்டில்: கடைசியில் "இல்" என்று கேட்டால் முதலில் எல்-ஈ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிள், டேபிள், பாட்டில், அங்கிள், பீப்பிள் எல்லாம் அதுதான். பென்சில், கேமல், அனிமல் போல வேறு விதமாக முடிகிறவையும் உண்டு, அவை எண்ணிக்கையில் குறைவு, வரும்போது அடம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜம்ப்ட்: முடிந்துபோன வேலைக்குப் பெரும்பாலும் ஈ-டி. ஒலி மூன்று விதமாக மாறும்: ஜம்ப்ட்டில் பெட்டி டி, பிளேய்ட்டில் வண்டி டி, வான்டட்டில் ஒரு அசையே கூடிவிடும். எழுத்து மூன்றிலும் ஒன்றுதான். "இது நேற்று நடந்ததா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் காதை விட்டுவிட்டு ஈ-டி போட வேண்டும். ஒலியைக் கேட்டு எழுது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இங்கே மட்டும் கேட்காதே என்கிறோம், பிள்ளைக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அதனால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கூடல் அக்கா:

நடுவுல கேக்கதுக்கு மன்னிக்கணும் டீச்சர். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. மக கவர்மென்ட் ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ். மடியில பீடித்தட்டு இருக்கும், கையும் ஒழியாது. நான் எப்படி டிக்டேஷன் சொல்ல?

வள்ளியூர் டீச்சர்:

ஒரு மன்னிப்பும் வேண்டாம். நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லவே வேண்டாம், தமிழில் சொல்லுங்கள். நீங்கள் "வாத்து" என்றால் அவள் சிலேட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். "பால்", "மேசை", "பூட்டு". பொருளும் சேர்ந்து மனசில் ஏறும். அட்டையின் ஒரு பக்கம் ஆங்கில வார்த்தை, மறுபக்கம் படமோ தமிழோ. எழுதி முடித்ததும் அட்டையைத் திருப்பி அவளே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்தட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது, அவள் முன்னாடியே திருப்பிப் பார்க்காமல் இருக்கிறாளா என்று மட்டும். கை வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

உச்சரிப்பு தெரிய வேண்டும் என்றால் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லும். போனில் எழுத மட்டும் விடாதீர்கள். இரண்டு எழுத்து போட்டதும் மிச்சத்தை அதுவே போட்டுவிடும், ஸ்பெல்லிங் படிக்க அதைவிடக் கேடு இல்லை.

அரசுப் பள்ளியில் 2022 முதல் "எண்ணும் எழுத்தும்" என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் நடக்கிறது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். அரும்பு என்றால் சி-கே, மேஜிக் ஈ எல்லாம் இப்போது வேண்டாம். கப், பின், ஹென், மேட் போல மூன்று எழுத்து வார்த்தைகளும் ஒலிக் கட்டமும் போதும். முதலில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆறு எழுத்தை மட்டும் ஒலியோடு பிடித்தால் (டி டென்னுக்கு உள்ளது, பி பென்னுக்கு உள்ளது) சிட், பின், டின், டிப், நேப், பேன் என்று நிறைய எழுதிவிடலாம். இருபத்தாறு எழுத்தும் முடிந்த பிறகுதான் வார்த்தை என்று காத்திருக்க வேண்டாம்.

முக்கூடல் அக்கா:

இது முடியும் டீச்சர். இன்னைக்கே அட்டை வெட்டச் சொல்லுதேன்.

களக்காடு தாத்தா:

எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள். இரண்டு எச்சரிக்கை மட்டும்.

யூடியூபில் ஸ்பெல்லிங் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அமெரிக்கப் பாட்டு. அதில் கடைசி எழுத்து "ஸீ", நம் பள்ளியில் "இசட்". கலரில் அவர்களுக்கு யு கிடையாது, நம் பாடநூலில் உண்டு. பாட்டில் படித்ததை எழுதி மார்க் போனால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பாட்டு கேட்கட்டும், எந்த ஸ்பெல்லிங் என்பதைப் பாடநூல் முடிவு செய்யட்டும்.

பஸ்ஸில் போகும்போது போர்டை வாசிக்கச் சொல்வது நல்ல பழக்கம். ஊர்ப் பெயரை மட்டும் ஒலிப் பாடத்துக்கு எடுக்காதீர்கள். திருநெல்வேலிக்கு வெறும் டி, தூத்துக்குடிக்கு டி-எச், இரண்டிலும் முதல் ஒலி நம் தகரம்தான். தமிழ் உச்சரிப்புக்கு ஒத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி 2020-இல் அரசாணை வந்தது, வந்த வேகத்தில் திரும்பப் போனது. பெரியவர்களுக்கே தீராத விவகாரம், மூன்றாம் வகுப்புக்கு எதற்கு? கடை போர்டில் பேக்கரி, மெடிக்கல், டிக்கெட் என்று ஆங்கிலச் சொல்லாகப் பார்த்து எடுங்கள். டிக்கெட்டில் சி-கே இருக்கிறதா என்று பையனையே கேட்கலாம். சில போர்டில் தப்பாகவும் எழுதியிருப்பார்கள், கண்டுபிடித்தால் அவனுக்குப் பெருமை தாங்காது.

பேட்டைக்காரன்:

தாத்தா சொன்னதோட ஒண்ணு சேர்க்கேன். சின்ன பி, சின்ன டி ரெண்டையும் கண்ணாடியில பார்த்த மாதிரித் திருப்பி எழுதுதது ஏழு வயசு வரைக்கும் சாதாரணம். எழுத்து தொடங்குத இடத்தைப் பழக்குங்க: பஸ் பி-க்கு முதல்ல கோடு மேலயிருந்து கீழே, அப்புறம் வயிறு. டாக் டி-க்கு முதல்ல வட்டம், அப்புறம் கோடு. ஒண்ணு நல்லாப் படிஞ்ச பிறகுதான் மத்தது. எட்டு வயசு தாண்டியும் எழுத்து புரண்டுக்கிட்டே இருக்கு, பழகின வார்த்தையையே வாசிக்கத் திணறுதான், வாய்ல கேட்டா மட்டும் டக்டக்னு பதில் சொல்லுதான்னா சோம்பேறின்னு அடிக்காதீங்க. முதல்ல கண்ணும் காதும் சோதிச்சுட்டு, குழந்தைகள் டாக்டர்கிட்ட கற்றல் குறைபாடு இருக்கான்னு கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல அதுவும் சேர்ந்திருக்கு.

பாளைக்காரி:

எங்க பையனுக்கு வாசிப்பு நல்லா இருக்கு, அந்தக் கவலை இல்லை அண்ணாச்சி. கடைசியா ஒண்ணு: டீச்சர் சொன்ன எல்-ஈ பட்டியல்ல ஆப்பிளுக்கு பி ரெண்டு, டேபிளுக்கு பி ஒண்ணு. இதுவும் அந்தக் குறில் நெடில்தானா?

பேட்டைக்காரன்:

அதேதான். டேபிள்ல ஏ தன் பெயரைச் சொல்லுது, ஒத்தை. ஆப்பிள்ல சொல்லலை, ரெட்டை. லிட்டில், பாட்டில் ரெண்டும் ஆப்பிள் கட்சி. டைட்டில் டேபிள் கட்சி, நாம டகரத்தை அழுத்திச் சொன்னாலும் ஒரே டி-தான். அங்கிள்ல இரட்டிக்காது, ஏற்கெனவே என்-உம் சி-யும்னு மெய் ரெண்டு இருக்கு. இந்த ஆறையும் அட்டையில எழுதி, காரணத்தை அவன் வாயாலயே சொல்ல வைங்க.